பொம்பா வருமுன் பூட்டுகளைப் பாருங்கள்

உரிமம் புதுப்பிக்கும் காலம் நெருங்கினால், மலாக்காவில் உணவகம், முதியோர் இல்லம், டியூஷன் மையம், திருமண மண்டபம் நடத்துவோரிடம் ஒரே மாதிரியான பரபரப்பைக் காணலாம். தூசி படிந்த தீயணைப்பான் துடைத்து மாட்டப்படும். படிக்கட்டில் அடுக்கிய அரிசி மூட்டைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பின்கட்டுக்குப் போகும். எங்கோ வைத்த பழைய ஃபைல் தேடப்படும். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போன மறுவாரமே மூட்டைகள் மீண்டும் படிக்கட்டுக்கு வந்துவிடும்.

இப்படித் தயாராகும் இடம் பரிசோதனையில் தேறலாம். நள்ளிரவில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்புவார்களா என்பது வேறு கேள்வி. தீயணைப்பு மீட்புத் துறையின் பரிசோதனை அந்தக் கேள்விக்காகவே ஏற்பட்டது. எனவே அதற்கான தயாரிப்பும் ஃபைலில் தொடங்கக் கூடாது. வாசலில், படிக்கட்டில், பூட்டில் தொடங்க வேண்டும்.

டத்தோ கிராமாட் சொன்ன பாடம்

2017 செப்டம்பர் 14ஆம் தேதி விடியற்காலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாகியா சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 23 பேர் மாண்டனர். அவர்களில் 21 பேர் மாணவர்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்தில் பதின்ம வயதினர் தீ வைத்ததாகப் போலீஸ் அறிவித்தது. இருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது.

தீ வைத்தவர் யார் என்பதோடு பலர் அந்தக் கதையை முடித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கிருந்த பிள்ளைகள் ஏன் தப்ப முடியவில்லை என்பதற்கான விடை கட்டடத்தில்தான் இருந்தது. ஜன்னல்களுக்கு இரும்புக் கிரில் போடப்பட்டிருந்தது. தீ வாசல் பக்கம் மூண்டதால் அந்த வழி அடைபட்டது. மேல்மாடியிலிருந்து இரண்டாவது படிக்கட்டுக்குச் செல்லக்கூடிய வழியைப் பின்னர் எழுப்பிய ஒரு சுவர் மறித்திருந்ததாக அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சரே தெரிவித்தார். வரைபடத்தில் வழி இருந்தது, கட்டடத்தில் இல்லை.

கிரில்லும் சுவரும் கெட்ட எண்ணத்தில் கட்டப்படுபவை அல்ல. திருடன் வரக்கூடாது, பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாது, இடத்தைப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் இவற்றைப் போடுகிறார்கள். இதே நல்ல நோக்கத்தில் இதே கிரில்லையும் சுவரையும் தமிழர் நிர்வகிக்கும் கட்டடங்களிலும் எங்கும் காணலாம்.

தமிழ்நாட்டு அனுபவம்

தமிழ்நாட்டில் ஏழு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் நடந்த நான்கு தீ விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1997 ஜூன் 7ஆம் தேதி, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கையொட்டி அமைத்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் போனது. அங்கே 28 உயிர்கள் பலியாயின. 2004 ஜனவரி 23ஆம் தேதி, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் பந்தல் எரிந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மணமகனும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரை வழியாக வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது.

ஒரு கோயில், ஒரு காப்பகம், ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடம். மலாக்காத் தமிழர்கள் ஒன்றுகூடும் இடங்களும் இவைதான். தீ மூண்ட காரணங்கள் வேறுபட்டிருக்கலாம். சாவு எண்ணிக்கை ஏறியதற்கான காரணம் ஒன்றே: கூட்டத்திற்குத் தகுந்த வழி இல்லை, அல்லது இருந்த வழியில் போக முடியவில்லை.

கும்பகோணம் இன்னொன்றையும் காட்டியது. அந்தப் பள்ளிக்கூடம் மறைவாக நடந்ததல்ல. அங்கீகாரம் பெற்று, அதிகாரிகள் அறிய நடந்தது. நீதிபதி சம்பத் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பள்ளி நிர்வாகத்தினரோடு கல்வித்துறை அதிகாரிகளும் வழக்கைச் சந்தித்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று இரு தரப்பும் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

கீற்றுக் கூரை மலாக்காவில் இன்று அரிது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஆலயத் திருவிழாவுக்குப் போடும் துணிப் பந்தல், மண்டபத்தின் தெர்மோகோல் மேடை அலங்காரம், பிளாஸ்டிக் பூத்தோரணம், மெத்தைகள் அடுக்கிய விடுதி அறை ஆகியவை கீற்றுக்குச் சளைத்தவை அல்ல. பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தையும் எரியும்போது வரும் கரும்புகை, நெருப்பு வந்து சேரும் முன்பே ஆளை மயக்கிவிடும். தீ விபத்துகளில் பெரும்பாலோர் இறப்பது புகையால்தான்.

சட்டம் கேட்பது என்ன?

பரிசோதனைக்கு வருபவர் யார் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. வணிக உரிமம் தருவது ஊராட்சி மன்றம். மலாக்காவில் மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள் என நான்கு மன்றங்கள் உள்ளன. தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பா கூட்டரசு அரசாங்கத்தைச் சேர்ந்தது. மன்றம் உரிமம் தருமுன் தொழிலின் தன்மையைப் பொறுத்து பொம்பாவின் ஆதரவுக் கடிதத்தைக் கேட்கும். முதியோர் இல்லம், ஆதரவற்றோர் இல்லம் போன்றவை 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழும், குழந்தைப் பராமரிப்பு மையங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சமூகநலத் துறையில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கும் பொம்பாவின் ஆதரவு தேவை.

பொம்பாவின் அதிகாரம் 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டத்திலிருந்து (சட்டம் 341) வருகிறது. அதன்படி, குறிப்பிட்ட வகையையும் அளவையும் சேர்ந்த கட்டடங்கள் தீயணைப்புச் சான்றிதழ் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சிறிய கடைக்கும் சிறிய ஆலயத்திற்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படாமல் போகலாம். அதனால் சட்டம் தங்களைத் தொடாது என்று கருதுவது தவறு. அதே சட்டத்தில் ‘தீ அபாயம்’ என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. தப்பிச் செல்வதைக் கடினமாக்கும் வகையில் அனுமதியின்றிக் கட்டடத்தை மாற்றுவது, பொதுக் கட்டடத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ப்பது, தீயணைப்புக் கருவிகளை அகற்றுவது அல்லது பழுதாக விட்டுவைப்பது, போதிய வெளிவழி இல்லாமை ஆகியவை அதில் அடங்கும். இவற்றைக் கண்டால் அகற்றும்படி பொம்பா நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கட்டட உரிமையாளருக்கும் வரலாம், வாடகைக்கு இருப்பவருக்கும் வரலாம். ‘இது வீட்டுக்காரர் போட்ட கிரில்’ என்று கைவிரிக்க முடியாது.

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. விதிவிலக்கு தரப்பட்ட கட்டடங்கள் தவிர, ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது இரண்டு தனித்தனி வெளிவழிகள் வேண்டும். வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவியோ தனித் திறமையோ இல்லாமல் திறக்க முடிய வேண்டும். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காவலர் பக்கத்துக் கடையில் டீ குடிக்கும் இல்லம் எதுவும் இந்த ஒரு விதியிலேயே தோற்றுவிடும்.

வாசலிலிருந்து ஒரு சுற்று

கட்டடத்தைத் தயார் செய்ய நினைக்கும் நிர்வாகத்தினர் அதிகாரி நடப்பது போலவே வாசலிலிருந்து நடந்து பார்க்கலாம்.

முதலில் வெளிப்புறம். தீயணைப்பு வண்டி உள்ளே வர இடமிருக்கிறதா, தோரணவாயிலின் உயரம் போதுமா, தண்ணீர்க் குழாய் நிற்கும் இடத்தில் கார்களை நிறுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆலயங்களில் முன்வாசலில் புதிதாகக் கட்டும் வளைவு வண்டிக்குத் தடையாகிவிடுவதுண்டு. கட்டும் முன்னரே பொம்பா நிலையத்தில் கேட்டுவிட்டால் பின்னர் இடிக்க வேண்டியிராது.

அடுத்தது கதவுகள். பகலில் திறந்து கிடக்கும் கதவைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை கதவு பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன ஏற்பாடு என்பதே கேள்வி. திருட்டுப் பயம் உண்மையானதுதான். அதற்கு வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து தள்ளினால் திறப்பதுமான கதவுகள் இருக்கின்றன. ஜன்னல் கிரில்லில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படிக்கட்டு. ஜாலான் பெண்டஹாராவின் லிட்டில் இந்தியாவிலும் மலாக்கா நகரின் பழைய கடைவீடுகளிலும் முகப்பு குறுகியும் உள்பக்கம் நீண்டும் இருக்கும். பல இடங்களில் மரத்தளம், மரப்படி. கீழே கடை, மேலே சரக்கும் வேலையாட்களின் படுக்கையும் என்றால், கீழே பிடிக்கும் தீ மேலே இருப்பவரின் ஒரே வழியை முதலிலேயே மூடிவிடும். மேல்மாடியில் ஆள் உறங்குகிறார் என்றால் அவருக்கு இரண்டாவது வழி எது என்பதைச் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். முடியவில்லையென்றால் அந்த மாடி படுக்கைக்கு ஏற்றதல்ல. படிக்கட்டின் கீழே கேஸ் தோம்பும் மண்ணெண்ணெயும் வைப்பது அதைவிட மோசம்.

நான்காவது விளக்கு. ‘கெலுவார்’ பலகையும் அவசர விளக்கும் பகலில் எரிவது பயனில்லை. ஓர் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால் எவற்றின் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று தெரியும்.

ஐந்தாவது தீயணைப்பான். முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, பின் சரியாக இருக்கிறதா, ஆண்டுச் சோதனைக்கான லேபிளின் தேதி கடந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். கையில் தூக்கும் தீயணைப்பானின் பொடி சில விநாடிகளில் தீர்ந்துவிடும். பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீச வேண்டும் என்பது சமையற்காரருக்கும் பூசகருக்கும் தெரியாவிட்டால் அது சுவர் அலங்காரம்தான். எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியாலோ தீப்போர்வையாலோ மூட வேண்டும்.

ஆறாவது மின்சாரம். ஒரு சாதாரண மூன்று முனைச் சாக்கெட் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். 2,000 வாட் கெத்தலையும் பெரிய சோற்றுப் பானையையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால் அந்த அளவு தாண்டிவிடும். திருவிழாவுக்குத் தொங்கவிட்ட விளக்குச் சரங்களை நிரந்தரமாக விட்டுவிடுவதும், வயரிங் வேலையைத் தெரிந்த பையனிடம் கொடுப்பதும் ஆலயங்களில் வாடிக்கையாகிவிட்டது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் வேலையைக் கொடுத்து, ரசீதையும் சோதனை அறிக்கையையும் வாங்கி வைக்க வேண்டும். கேஸ் ரெகுலேட்டரிலும் குழாயிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஃபைல். அங்கீகரித்த வரைபடம், கட்டடத்தில் குடியேறுவதற்கான சான்றிதழ் (2007 ஏப்ரலுக்குப் பின் கட்டியவற்றுக்கு சிசிசி, அதற்கு முந்தியவற்றுக்கு சிஎஃப்), தீயணைப்பான் சோதனை ரசீதுகள், தீப்பயிற்சி நடத்திய தேதிகள் ஆகியவை ஓரிடத்தில் இருக்கட்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தால், அதில் இல்லாத சுவர் எத்தனை முளைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும். யார் நன்கொடையில் கட்டியது என்பதற்காக அதை விட்டுவைக்கக் கூடாது.

தோட்டத்து நிலை

பட்டணத்துக்குச் சொன்ன இவை தோட்டங்களுக்கு அப்படியே பொருந்தா. புக்கிட் ஆசாகான், தெபோங் போன்ற தோட்டப் பகுதிகளில் தீயணைப்பு வண்டி செம்பனைக் காட்டுக்குள் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கலாம். பழைய லயன் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்பவை. ஒரு வீட்டில் பிடித்த தீ கூரைக்கும் மேற்பலகைக்கும் இடையிலான வெற்றிடம் வழியாக அடுத்தடுத்த வீடுகளுக்கு ஓடிவிடும். 999க்கு அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், எந்தச் சாலை வழியாக நுழைவது, கேட் பூட்டப்பட்டிருந்தால் சாவி யாரிடம் என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்குத் தரும் தங்குமிடம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் (சட்டம் 446) கீழ் வருகிறது. அதற்குத் தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் வேண்டும். வயரிங் பழுதானதைக் கிராணியிடம் வாயால் சொல்லி விட்டுவிடாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டத்து ஆலயங்களின் சிக்கல் வேறு. நிலம் தோட்டத்தின் பெயரிலோ கைமாறிய நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். வரைபடம் இல்லை, சிஎஃப் இல்லை. பொம்பாவை அழைத்தால் நிலப் பிரச்சினை கிளம்பிவிடும், ஆலயத்தை உடைக்க வருவார்கள் என்ற அச்சத்தில் பல நிர்வாகங்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த அச்சத்திற்கு வரலாறு இருக்கிறது. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மௌனத்தின் விலையைப் பக்தர்கள் கொடுக்கக் கூடாது. பொம்பா நிலையங்கள் பொதுமக்களுக்குத் தீப்பாதுகாப்பு விளக்கமும் பயிற்சியும் நடத்தித் தருகின்றன. தமிழ்ப்பள்ளியிலோ குடியிருப்பு மண்டபத்திலோ அப்படியொரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய நிலப்பட்டா தேவையில்லை. பந்தலுக்கு இரண்டு பக்கம் அகலமான வழி விடுவதற்கும், ஓமகுண்டத்தைத் துணித் தோரணத்திலிருந்து தள்ளி அமைப்பதற்கும், அதனருகே தண்ணீரும் தீயணைப்பானும் வைப்பதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அதிகாரத் தரப்பின் கடமை

எல்லாப் பொறுப்பையும் சிறு நிர்வாகங்களின் தலையில் கட்டிவிடுவதும் நியாயமாகாது. மன்றம் ஒரு பாரம், பொம்பா ஒரு பாரம், சமூகநலத் துறை ஒரு பாரம் என்று அலையும் ஓர் இல்லக் காப்பாளர் பாதி வழியில் சோர்ந்து, பதிவில்லாமலேயே நடத்தத் தொடங்கிவிடுகிறார். பதிவில்லாத இடத்தைப் பரிசோதிக்க யாரும் வருவதில்லை. அதிக ஆபத்துள்ள கட்டடம் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறது. டத்தோ கிராமாட்டிலும் உரிய அனுமதிகள் இல்லை என்ற செய்தி தீயணைந்த பின்னர்தான் வெளிவந்தது.

மலாக்காவின் நான்கு மன்றங்களும் பொம்பாவும் இணைந்து, முதன்முறை விண்ணப்பிக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் நோட்டீஸுக்கு முன்பாக ஓர் ஆலோசனை வருகையை வழக்கமாக்கலாம். குறைகளைப் பட்டியலிட்டு, உயிருக்கு ஆபத்தானவை இந்த மாதம், செலவு அதிகமானவை ஆண்டுக்குள் என்று தவணை தந்தால் மறைப்பதற்குக் காரணம் குறையும். விளக்கக் கையேடு தமிழிலும் இருந்தால் மூத்த நிர்வாகிகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்வார்கள். இந்திய சமூகத்துக்கான மானியங்களைப் பெற்றுத் தரும் மக்கள் பிரதிநிதிகள், கோபுர வர்ணத்துக்கு முன்பாக வயரிங்கையும் இரண்டாவது படிக்கட்டையும் நிபந்தனையாக வைக்கலாம்.

அதுவரை ஒவ்வொரு நிர்வாகமும் தானே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முன்னறிவிப்பு கொடுத்து, ஒரு நாள் மாலையில் விளக்கை அணைத்து, முன்வாசலைப் பயன்படுத்தாமல் எல்லாரையும் வெளியேறச் சொல்லிப் பாருங்கள். கைத்தடி ஊன்றும் பாட்டி, சக்கர நாற்காலிக்காரர், உறக்கத்தில் இருக்கும் பிள்ளை எல்லாரும் வெளியே வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் எங்கே முட்டி நின்றார்களோ, அங்கிருக்கும் பூட்டையோ மூட்டையையோ சுவரையோ மறுநாள் காலையில் அகற்றிவிடுங்கள். பரிசோதனை அதிகாரி எந்தத் தேதியில் வந்தாலும் அதன் பின் கவலையில்லை.